மோடம் அமைக்கும் கருவி திறந்த வேகத்தில் மூடிக்கொள்கிறதா? முதலில் மோடத்தோடு பேசிப் பாருங்கள்

லினக்ஸ் டெஸ்க்டாப்பில் டயல்-அப் மோடத்தை மாட்டி, அதை அமைக்கிற கருவியைத் திறந்து, மோடத்தைத் தேடச் சொல்லும் பட்டனை அழுத்துகிறீர்கள். சன்னல் சட்டென்று காணாமல் போகிறது. பிழைச்செய்தி எதுவும் கிடையாது. மறுபடி திறந்தால் மறுபடி காணாமல் போகிறது. இந்த இடத்தில் எல்லாரும் செய்வது கருவியை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவுவது. நானும் ஒரே இரவில் நான்கு தடவை அதைச் செய்தவன்தான், அதனால் கேலி செய்யவில்லை. ஆனால் பயன் இருக்காது. கருவியை நீக்கினாலும் உங்கள் ஹோம் கோப்புறையில் அது எழுதிவைத்த அமைப்புக் கோப்பு அப்படியே கிடக்கும், மோடமும் அதே மோடம், போர்ட்டும் (மோடம் மாட்டியிருக்கும் வாய்) அதே போர்ட், ஆக புதிதாக வந்த கருவி பழைய குழியிலேயே போய் விழுகிறது.

கேபிபிபி, க்னோம்-பிபிபி மாதிரியான கருவிகள் எல்லாம் வெறும் முகப்புகள். க்னோம்-பிபிபி உள்ளுக்குள் டபிள்யூவிடயல் என்ற இன்னொரு நிரலைத்தான் ஓட்டுகிறது. எந்தக் கருவியாக இருந்தாலும் கடைசியில் இணைப்பை உண்டாக்குவது பிபிபிடி என்ற பின்னணி நிரல். முகப்பு செய்வதெல்லாம் மோடத்துக்கு "ஏடி" என்று அனுப்பிவிட்டு "ஓகே" வரும் என்று காத்திருப்பது. ஓகே வராமல் வேறு ஏதாவது வந்தால், அல்லது ஒன்றுமே வராவிட்டால் என்ன செய்வது என்று அதை எழுதியவர் யோசித்திருக்கவில்லை என்றால் அது கவிழ்ந்துவிடும். அதனால் கருவியை ஓரமாக வைத்துவிட்டு, கீழே இருந்து மேலே வருவதுதான் வழி. 3ஜி, 4ஜி யுஎஸ்பி டாங்கிள் வைத்திருப்பவர்களும் தொடர்ந்து படிக்கலாம், அவற்றில் பெரும்பாலானவை இதே ஏடி கட்டளைகளுக்குத்தான் பதில் சொல்கின்றன.

ஒரு விஷயம். கட்டளைகளை நான் ஒலிப்பில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

செத்தது யார் என்று முதலில் பாருங்கள்

"கிராஷ் ஆகிறது" என்று சொல்லும்போது மூன்று வேறு வேறு சங்கதிகளை ஒரே பெயரில் சொல்கிறோம். கருவியே கவிழ்வது ஒன்று. கருவி உறைந்துபோய் நிற்பது இன்னொன்று. மூன்றாவது, கருவி நன்றாகவே இருக்க, அதற்குக் கீழே ஓடும் பிபிபிடி செத்துப்போவது. மூன்றுக்கும் மருந்து வேறு.

டெர்மினலை (கட்டளைகளைத் தட்டும் சன்னல்) திறந்து, மெனுவில் இருந்து அல்லாமல் அங்கிருந்தே கருவியின் பெயரைத் தட்டி ஓட்டுங்கள். மெனுவில் இருந்து திறக்கும்போது காற்றில் போகும் செய்திகள் எல்லாம் இங்கே கண்ணெதிரே வந்து விழும். கவிழ்ந்த உடனே, வேறு எதையும் தட்டுவதற்கு முன்னால், எக்கோ என்று தட்டி ஒரு இடைவெளி விட்டு டாலர் குறியும் கேள்விக்குறியும் சேர்த்துப் போட்டு எண்டர் அழுத்துங்கள். ஒரு எண் வரும். 139 வந்தால் செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது நிரல் தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் கை வைத்துவிட்டது (128-உடன் 11-ஆம் சிக்னலைக் கூட்டினால் 139). 134 வந்தால் நிரலே "இதற்கு மேல் முடியாது" என்று தன்னை நிறுத்திக்கொண்டது. இந்த இரண்டில் எது வந்தாலும் கவிழ்ந்தது கருவிதான். சன்னல் மறையாமல் அப்படியே நின்றுவிட்டால் போர்ட்டில் எதற்கோ காத்திருக்கிறது என்று பொருள்.

சன்னல் இருக்கும்போதே "பிபிபி டீமன் எதிர்பாராமல் செத்துவிட்டது" என்கிற மாதிரி செய்தியும் ஒரு எக்ஸிட் எண்ணும் வந்தால், சந்தோஷப்படுங்கள். அது கிராஷே இல்லை. பிபிபிடி தன் மரண வாக்குமூலத்தை எண்ணாகவே விட்டுவிட்டுப் போகும். 2 என்றால் அமைப்பில் ஏதோ ஒரு ஆப்ஷன் தவறு. 3 என்றால் ரூட் (முழு அதிகாரம் உள்ள நிர்வாகிக் கணக்கு) அனுமதி இல்லாமல் ஓட்டியிருக்கிறீர்கள். 4 என்றால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் பிபிபி (மோடம் வழியே இணையத்தோடு பேசும் நெறிமுறை) ஆதரவு ஏற்றப்படவில்லை. 6 என்றால் போர்ட்டைப் பூட்ட முடியவில்லை, 7 என்றால் போர்ட்டைத் திறக்கவே முடியவில்லை. 8 வந்தால் டயல் செய்யும் ஸ்கிரிப்ட் தோற்றுவிட்டது. 16 என்றால் மோடம் லைனைத் துண்டித்துவிட்டது. 19 என்றால் மறுமுனை உங்கள் பெயரையோ பாஸ்வேர்டையோ ஏற்கவில்லை. 19-ஐப் பார்த்துவிட்டு டிரைவர் தேடி அலைபவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். மோடம் வேலை செய்கிறது, லைன் வேலை செய்கிறது, மறுமுனை எடுத்து உங்களோடு பேசவும் பேசிவிட்டது, அதற்கு அப்புறம் வந்த சிக்கல் அது.

மோடம் எந்தப் போர்ட்டில் உட்கார்ந்திருக்கிறது

யுஎஸ்பி மோடம் என்றால் கழற்றிவிட்டு மாட்டி, உடனே டெர்மினலில் டிஎம்இஎஸ்ஜி கட்டளையைக் கொடுத்து கடைசிச் சில வரிகளைப் படியுங்கள். டிடிஒய்யுஎஸ்பி0 என்றோ டிடிஒய்ஏசிஎம்0 என்றோ ஒரு பெயர் இருக்கும் (டிடிஒய் மட்டும் சிறிய எழுத்து, மற்றது பெரிய எழுத்து). டெவ் கோப்புறையில் அந்தப் பெயரில் இருப்பதுதான் உங்கள் மோடம். டாங்கிள்களில் ஒன்றுக்கு மூன்று நான்கு போர்ட்டுகள் வரும், அதில் டயல் செய்ய உதவுவது எல்லாமும் இல்லை, ஒவ்வொன்றாகத்தான் முயல வேண்டும்.

பின்பக்கம் 9 பின் சீரியல் கேபிளில் மாட்டுகிற பழைய வகை என்றால் விண்டோஸ்காரர்கள் காம்1 என்பதை இங்கே டிடிஒய்எஸ்0 என்பார்கள், காம்2 என்பது டிடிஒய்எஸ்1 (எஸ் மட்டும் பெரிய எழுத்து). இங்கே ஒரு பொறி இருக்கிறது. கணினியில் ஒரு சீரியல் போர்ட் கூட இல்லாவிட்டாலும் டெவ் கோப்புறையில் டிடிஒய்எஸ்0 முதல் டிடிஒய்எஸ்3 வரை கோப்புகள் பெரும்பாலும் இருக்கும். தானாகத் தேடும் பட்டன் இந்தப் பேய்ப் போர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறது. திறந்ததும் "இன்புட்/அவுட்புட் எர்ரர்" வருகிறது. அந்த எர்ரருக்குத் தயாராக இல்லாத கருவி அங்கேயே விழுந்துவிடுகிறது. செட்சீரியல் கட்டளையோடு போர்ட்டின் முழுப் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். யுஏஆர்டி (சீரியல் போர்ட்டை இயக்கும் சில்லு) என்ற இடத்தில் 16550ஏ என்று வந்தால் நிஜப் போர்ட். "அன்நோன்" என்று வந்தால் அங்கே யாரும் இல்லை.

பிசிஐ ஸ்லாட்டில் செருகும் உள் மோடமா? அப்படியென்றால் அது வின்மோடமாக இருக்க வாய்ப்பு அதிகம். மோடம் செய்ய வேண்டிய கணக்கையெல்லாம் கணினியின் பிராசசரின் தலையில் கட்டிவிட்டு, அட்டையில் ஒலி மாற்றும் சில்லு மட்டும் வைத்து மலிவாக விற்றவை அவை. எல்எஸ்பிசிஐ பட்டியலில் பெயர் தெரியும், ஆனால் சில்லுக்கு ஏற்ற தனி டிரைவர் இல்லாமல் அது மோடமே அல்ல. ஸ்மார்ட்லிங்க், கொனெக்ஸன்ட், லூசென்ட் சில்லுகளுக்குத் தனித்தனி டிரைவர்கள் இருந்தன. இன்றைய கெர்னலில் அவற்றைத் தொகுக்க உட்கார்ந்தால் வார விடுமுறை போய்விடும். என் கருத்து, அதோடு மல்லுக்கட்டாமல் ஒரு வெளி மோடத்தைத் தேடிப் பிடிப்பது நல்லது.

நேரே பேசுவது

இதுதான் முக்கியமான படி, அவசரப்படாமல் செய்யுங்கள். மினிகாம் என்ற நிரலை நிறுவி, மைனஸ் டி (இந்த டி பெரிய எழுத்து) போட்டுப் போர்ட்டின் பெயர், அப்புறம் மைனஸ் பி போட்டு 115200 என்ற வேகம் கொடுத்துத் திறங்கள். "பெர்மிஷன் டினைட்" என்று வந்தால் உங்கள் கணக்கு அந்தப் போர்ட்டைத் தொட அனுமதி உள்ள குழுவில் இல்லை. டெபியன், உபுண்டு வகையில் அந்தக் குழுவின் பெயர் டயல்அவுட், ஆர்ச் வகையில் யுயுசிபி. சேர்த்த பிறகு லாக்-அவுட் செய்து மறுபடி உள்ளே வர வேண்டும். டெர்மினலை மட்டும் மூடித் திறந்தால் போதாது, இதில் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். எல்லாவற்றையும் ரூட்டாக ஓட்டிவிடலாமே என்று தோன்றும், அது வேண்டாம். ரூட்டாக ஓட்டினால் அமைப்புக் கோப்புகள் ரூட் பெயரில் உருவாகி, அடுத்த முறை நீங்கள் சாதாரணமாகத் திறக்கும்போது எழுத முடியாமல் கருவி இன்னொரு காரணத்துக்காகக் கவிழும்.

கறுப்புத் திரை வந்ததும் ஏடி என்று பெரிய எழுத்தில் தட்டி எண்டர். ஓகே வந்தால் மோடம் உயிரோடு இருக்கிறது, கேபிள் சரி, போர்ட் சரி, அனுமதி சரி. ஒரே வார்த்தையில் நான்கு சந்தேகம் தீர்ந்தது.

ஓகே வராவிட்டால் என்ன வருகிறது என்று உற்றுப் பாருங்கள். என் மோடம் எனக்கு என்ன செய்தது என்றால், நான் ஏடி தட்டினேன், தட்டிய எழுத்தே திரையில் தெரியவில்லை. எண்டர் அழுத்தியதும் ஒரு பூஜ்யம் மட்டும் வந்தது. மறுபடி தட்டினேன், மறுபடி ஒரு பூஜ்யம். மோடத்தின் விளக்குகள் ஒவ்வொரு எண்டருக்கும் மினுக்கின, ஆக அது கேட்கிறது, பதிலும் சொல்கிறது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது: அந்தப் பூஜ்யம்தான் அதன் ஓகே. ஏடி கட்டளைகளில் வி0 என்று கொடுத்தால் மோடம் பதிலைச் சொல்லாக அல்லாமல் எண்ணாகச் சொல்லும், ஓகே-க்கு 0, கனெக்ட்-க்கு 1, நோ கேரியர்-க்கு 3. இ0 என்றால் நாம் தட்டுவதைத் திருப்பிக் காட்டாது. க்யூ1 என்றால் பதிலே சொல்லாது, முழு மௌனம். மோடத்தை முன்னால் வைத்திருந்த யாரோ இவற்றைப் போட்டு அதன் நிரந்தர நினைவகத்தில் எழுதியும் வைத்துவிட்டார்கள், அதனால் கரண்டைப் பிடுங்கி மாட்டினாலும் மாறவில்லை. ஓகே-வுக்காகத் தவம் கிடந்த என் கருவிக்குக் கிடைத்ததெல்லாம் பூஜ்யம். நான்கு தடவை நிறுவியது எதற்கு என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

சரிசெய்வது ஒரு நிமிட வேலை. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று ஏடி&எஃப் தட்டி எண்டர், இது தயாரிப்பு நிலைக்குத் திருப்பும். அடுத்து ஏடிஇ1வி1க்யூ0 என்று ஒரே மூச்சில் தட்டி எண்டர். இப்போது ஓகே என்று எழுத்தில் வரவேண்டும். வந்ததும் ஏடி&டபிள்யூ கொடுத்தால் நினைவகத்தில் பதிந்துவிடும். திரையில் குப்பைக் குறிகளாக வந்தால் வேகம் பொருந்தவில்லை, 9600-இல் திறந்து பாருங்கள்.

இனி லைனைச் சோதியுங்கள். ஏடிடிடி என்று தட்டி, பக்கத்திலேயே ஏதாவது தெரிந்த எண்ணைச் சேர்த்து எண்டர். ரிலே 'டக்' என்று விழும் சத்தமும், அப்புறம் டயல் டோனும், எண்களின் ஓசையும் மோடத்தின் ஸ்பீக்கரில் கேட்க வேண்டும். "நோ டயல்டோன்" என்றால் கேபிளைத் தவறான ஓட்டையில் செருகியிருக்கலாம். மோடத்தில் லைன் என்று ஒன்று, ஃபோன் என்று ஒன்று இருக்கும், சுவரில் இருந்து வருவது லைனில்தான் போக வேண்டும். சில தொலைபேசி நிலையங்களின் டோன் மோடத்துக்குப் பழக்கமில்லாததாக இருக்கும், அப்போது ஏடிஎக்ஸ்3 கொடுத்தால் டோனுக்குக் காத்திருக்காமல் டயல் செய்யும். அலுவலகத்தின் டிஜிட்டல் பிபிஎக்ஸ் (உள் தொலைபேசி இணைப்பகம்) லைனில் மட்டும் மாட்டிப் பார்க்காதீர்கள், அனலாக் மோடம் கருகிப்போகலாம். முடிந்ததும் கன்ட்ரோல்-ஏ, பிறகு எக்ஸ் அழுத்தி மினிகாமை மூடிவிடுங்கள். திறந்தே விட்டுவிட்டு அடுத்த கருவியைத் திறந்தால் இரண்டும் ஒரே போர்ட்டுக்கு அடித்துக்கொள்ளும்.

போர்ட்டை வேறு யாராவது பிடித்திருக்கிறார்களா

மினிகாமில் ஓகே சில சமயம் வருகிறது, சில சமயம் வரவில்லை, நீங்கள் தட்டாத எழுத்துகள் திரையில் ஓடுகின்றன என்றால் பெரும்பாலும் குற்றவாளி மோடம்மேனேஜர். இன்றைய டெஸ்க்டாப்புகளில் அது பின்னணியில் ஓடி, புதிதாக வரும் போர்ட்டுகளில் தானாகவே ஏடி கட்டளை அனுப்பி விசாரிக்கும். நீங்களும் அதுவும் ஒரே நேரத்தில் பேசினால் பதில்கள் கலந்துபோகும், உங்கள் கருவிக்குத் தான் கேட்காத கேள்வியின் பதில் போய்ச்சேரும். சுடோவோடு (ரூட் அனுமதியில் ஓட்டும் கட்டளை) சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் மோடம்மேனேஜர் என்று கொடுத்து நிறுத்திவிட்டு முயலுங்கள். பெயரில் இரண்டு 'எம்'-மும் பெரிய எழுத்து, சிறிய எழுத்தில் தட்டினால் அப்படி ஒன்றே இல்லை என்று சொல்லிவிடும்.

கருவி கவிழும்போது தன் பூட்டையும் விட்டுவிட்டுச் சாகலாம். வார் (விஏஆர்) கோப்புறைக்குள் லாக் கோப்புறையில் எல்சிகே என்று தொடங்கி இரண்டு புள்ளிகளும் போர்ட்டின் பெயருமாக ஒரு கோப்பு இருந்தால், அதைத் திறந்து உள்ளே இருக்கும் எண்ணைப் பாருங்கள். பூட்டிய நிரலின் எண் அது. அந்த எண்ணில் இப்போது எதுவும் ஓடவில்லை என்று பிஎஸ் கட்டளையில் உறுதி செய்துகொண்டு கோப்பை நீக்குங்கள். ஓடுகிறது என்றால், கவிழ்ந்த கருவி அநாதையாக விட்டுப்போன பிபிபிடி-யாக இருக்கும், முதலில் அதை நிறுத்த வேண்டும்.

கருவியின் பழைய நினைவுகள்

மோடம் ஒழுங்காகப் பேசுகிறது, போர்ட்டும் காலி, இருந்தும் கருவி திறந்த உடனே கவிழ்கிறதா? இப்போதுதான் கருவியின் அமைப்புக் கோப்பைத் தொடும் நேரம். கேபிபிபி என்றால் ஹோமில் மறைந்திருக்கும் கேடிஇ கோப்புறைக்குள் ஷேர், அதற்குள் கான்ஃபிக், அதற்குள் கேபிபிபிஆர்சி. அதை அழிக்காதீர்கள், பெயரை மாற்றி வையுங்கள். கருவி இப்போது திறந்தால் கோப்புதான் கெட்டிருக்கிறது. பழையதைத் திறந்து எண், பயனர் பெயர் எல்லாம் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

கோப்பின் அளவைப் பாருங்கள். பூஜ்ய பைட் என்றால் டிஎஃப் மைனஸ் எச் கொடுத்து டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் நிரம்பிய நேரத்தில் சேமிக்கப் போனால் கோப்பு வெறுமையாகத்தான் மிஞ்சும், அதை என்னதான் அழித்து அழித்து விளையாடினாலும் திரும்ப வெறுமையாகவே வரும். எந்தக் கோப்பு என்று தெரியாவிட்டால் புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி (டயல்அவுட் குழுவில் சேர்க்க மறக்காமல்) அதில் திறந்து பாருங்கள். அங்கே ஓடினால் குற்றம் உங்கள் ஹோமில். இன்னொரு சின்ன சோதனையும் உண்டு. எல்சி_ஆல் (எல்லாம் பெரிய எழுத்து) சமம் சி என்று முன்னால் போட்டுக் கருவியை ஓட்டினால் அது ஆங்கிலத்தில் திறக்கும். டெஸ்க்டாப்பைத் தமிழில் வைத்திருக்கிற நம்மைப் போன்றவர்கள் இதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது, எழுத்துகளைச் சரியாகக் கையாளாத பழைய கருவிகள் வேற்றுமொழியில் தடுமாறுவது உண்டு.

புதிய கணக்கிலும் கவிழ்ந்தால் எல்டிடி கட்டளைக்குக் கருவியின் முழுப் பாதையைக் கொடுங்கள். "நாட் ஃபவுண்ட்" என்று எந்த வரியிலாவது வந்தால் ஒரு நூலகம் காணோம். கேபிபிபி கேடிஇ 4 காலத்து ஆள், க்னோம்-பிபிபி ஜிடிகே 2 காலத்து ஆள். இன்றைய டெஸ்க்டாப்பில் அவர்களுக்கு வேண்டிய நூலகம் இல்லாமல் போவதில் ஆச்சரியம் இல்லை. இந்த ஒரு இடத்தில் மட்டும்தான் திரும்ப நிறுவுவதால் ஏதாவது பயன் இருக்கும்.

கருவியே இல்லாமல்

இத்தனைக்கும் மசியாவிட்டால் கருவியை விட்டுவிடுங்கள், டபிள்யூவிடயல் போதும். டபிள்யூவிடயல்கான்ஃப் என்ற கட்டளையை ரூட் அனுமதியோடு ஓட்டினால் அது போர்ட்டுகளில் மோடம் தேடி, கிடைத்ததை இடிசி கோப்புறையில் டபிள்யூவிடயல்-புள்ளி-கான்ஃப் என்ற கோப்பில் எழுதும். அந்தக் கோப்பை எடிட்டரில் திறங்கள். ஃபோன், யூசர்நேம், பாஸ்வேர்டு என்று மூன்று வரிகள் இருக்கும், மூன்றுக்கும் முன்னால் ஒரு அரைப்புள்ளி இருக்கும். அரைப்புள்ளி இருக்கிறவரை அந்த வரி வெறும் குறிப்புதான், படிக்கப்படாது. எண்ணையும் பெயரையும் கவனமாக நிரப்பிவிட்டு அரைப்புள்ளியை நீக்காமல் விட்டவர்கள் ஏராளம். அப்புறம் கோப்பில் பாஸ்வேர்டு பச்சையாகத் தெரியும், மற்றவர்கள் படிக்க முடியாதபடி அனுமதியை மாற்றிவிடுங்கள்.

டயல் ஆகி, மோடங்கள் இரண்டும் கீச்சிட்டு, "கனெக்ட்" என்று வந்த பிறகு டபிள்யூவிடயல் லாகின் கேட்கும் என்று காத்துக்கொண்டே இருந்தால், அதே கோப்பில் ஸ்டுபிட் மோட் சமம் 1 என்று ஒரு வரி சேருங்கள். பெயர் அப்படித்தான், நான் வைத்ததில்லை. புத்திசாலித்தனமாக எதையும் யூகிக்காமல் நேராக பிபிபிடி-யை எழுப்பிவிடு என்று அதற்குப் பொருள். பிபிபிடி-யை நேரடியாக ஓட்டி, பாஸ்வேர்டை பிஏபி-சீக்ரெட்ஸ் கோப்பில் எழுதுபவர்கள் அதில் # குறி இருந்தால் பாஸ்வேர்டை இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள், இல்லாவிட்டால் # தொட்டு அந்தப்பக்கம் குறிப்பு என்று நினைத்து விட்டுவிடும், நீங்கள் 19-ஐப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

இணைந்த பிறகும் பிரவுசரில் ஒன்றும் வரவில்லை என்றால் ஏதாவது ஒரு ஐபி எண்ணுக்கு, எடுத்துக்காட்டாக 8.8.8.8-க்கு, பிங் அனுப்புங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தருவது) மட்டும் அமையவில்லை, பிபிபிடி ஆப்ஷன்களில் யூஸ்பியர்டிஎன்எஸ் சேர்த்தால் மறுமுனை கொடுக்கும் டிஎன்எஸ்-ஐ எடுத்துக்கொள்ளும். எண்ணுக்கே பதில் இல்லை என்றால் டிஃபால்ட்ரூட் (இந்த ரூட் நிர்வாகி அல்ல, வழி) ஆப்ஷன் விடுபட்டிருக்கிறதா, அல்லது கணினியில் இன்னொரு நெட்வொர்க் கேபிள் செருகியிருந்து போக்குவரத்தெல்லாம் அந்தப் பக்கம் போகிறதா என்று பாருங்கள்.

இல்லை, எனக்குச் சன்னலும் பட்டனும்தான் வேண்டும் என்கிறீர்களா? சரி, கருவியைத் திறங்கள், மோடம் பக்கத்துக்குப் போய், மேலே நீங்கள் கண்டுபிடித்த போர்ட்டின் பெயரையும் 115200 என்ற வேகத்தையும் நீங்களே பட்டியலில் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். தானாகத் தேடும் பட்டனின் பக்கமே போகாதீர்கள்.